ஆன்லைன் பயிற்சிகளை வடிவமைக்கக் கற்றல் கோட்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக நடைமுறை, மென்பொருள், மருத்துவப் பணி என்று பலவகைப் பயிற்சிகளுக்கு ஆன்லைன் பாடங்கள் தயாரிப்பது என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

பாடம் தெளிவாக இருந்தால் போதாதா? கோட்பாடெல்லாம் எதற்கு?

தெளிவு வேண்டும்தான். ஆனால் தெளிவாகச் சொன்னதெல்லாம் மனதில் நின்றுவிடுவதில்லை. நான் செய்த ஒரு பாடத்தை ஒருவர் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் எழுத்து, அதே எழுத்தை வாசிக்கும் குரல். குரல் பாதி வாக்கியம் தாண்டுவதற்குள் அவர் முழுவதையும் படித்துவிட்டார். அப்புறம் ‘அடுத்து’ பொத்தான்மேல் மவுஸை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பொத்தான் நிறம் மாறியதும் அழுத்தினார். 22 திரைகளும் இப்படியே போயின. முடிந்ததும் “நல்லா இருந்தது” என்றார், மனதாரச் சொன்னார். இரண்டாவது திரையில் வந்த ஒரு விதியைக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

பாடத்தில் தகவல் பிழை ஒன்றுகூட இல்லை. அவர் மனதுக்கு நான் எந்த வேலையும் வைக்கவில்லை, அதுதான் குறை. எந்த வேலையை, எப்போது, எவ்வளவு வைக்க வேண்டும் என்பதைத்தான் கோட்பாடுகள் சொல்லித் தருகின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு திரைக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இங்கே கற்பவர் என்ன செய்கிறார்? ‘படிக்கிறார்’, ‘பார்க்கிறார்’ என்ற பதில்களே வரிசையாக வந்தால் அந்தப் பாடத்தைத் திருத்த வேண்டும்.

நடத்தைவாதம், அறிதல் கோட்பாடு, கட்டமைப்புவாதம்… இவற்றில் எதைப் பின்பற்றுவது?

ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விடத் தேவையில்லை. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஒரு செயலைப் பிழையில்லாமல், வேகமாகச் செய்யப் பழக்க வேண்டுமா? சிறு படிகள், பயிற்சி, உடனடிப் பின்னூட்டம் என்று நடத்தைவாதம் வழி சொல்லும். புதிய விஷயம் தலையில் ஏற மறுக்கிறதா? மனம் எவ்வளவு சுமக்கும் என்பதை அறிதல் ஆய்வு காட்டும். எல்லாம் தெரிந்தும் வேலையில் இறங்கும்போது கை ஓடவில்லையா? உண்மையான சிக்கலைக் கையில் கொடுத்து, புரிதலைத் தானே கட்டிக்கொள்ள விடச் சொல்கிறது கட்டமைப்புவாதம். தனியாக இருப்பதால் ஆர்வம் வடிகிறதென்றால், பிறரோடு சேர்ந்தும் பிறரைப் பார்த்தும் கற்கும் சமூகக் கற்றல் பக்கம் போக வேண்டும்.

பாடத்தின் நோயைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள். முதலிலேயே “இது கட்டமைப்புவாதப் பாடம்” என்று பலகை மாட்டிவிட்டு வேலை தொடங்கினால், தொடக்கநிலைக் கற்பவர்களைத் திக்குத்தெரியாத காட்டில் விட்டதாகிவிடும்.

ஸ்கின்னர் காலத்துக் கருத்துகள் இன்னும் செல்லுமா?

ஒரு பகுதி நன்றாகவே செல்லும். 1953இல், நடத்தைவாத உளவியலாளர் ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் போய்ப் பார்த்தார். பிள்ளைகள் கணக்குப் போட்டுவிட்டு, விடை சரியா தவறா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் எப்போதோ முடித்துவிட்டார்கள், சிலர் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வேகம். அந்தக் காட்சி உறுத்தியதில்தான் அவர் கற்பிக்கும் இயந்திரத்தில் இறங்கினார்: சிறு படி, ஒரு விடை, உடனே முடிவு, அவரவர் வேகம். இன்றைய ஆன்லைன் பாடத்தின் எலும்புக்கூடு அதுதான்.

ஆனால் பின்னூட்டம் கொடுத்தாலே நன்மை என்று நினைத்துவிடக் கூடாது. 1996இல் குளூகர், டெனீசி இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குத் திரும்பும்போது பின்னூட்டம் கெடுதல் செய்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். அதனால் “தவறு! மீண்டும் முயலுங்கள்” என்ற சிவப்புப் பெட்டியை நான் விட்டுவிட்டேன். “இந்த விடையைத் தேர்ந்தால், வரி இரண்டு முறை கழிக்கப்படும்” என்று, அந்த விடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எழுதுகிறேன்.

ஒரு திரையில் எவ்வளவு விஷயம் வைக்கலாம்?

மனம் ஒரே நேரத்தில் பிடித்துவைக்கக்கூடிய துண்டுகள் ‘ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம்’ என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் சொன்னதைப் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2001இல் நெல்சன் கோவன் அதைச் சுமார் நான்காகக் குறைத்தார். அதற்காகத் திரைக்கு நான்கு புள்ளிகள் என்று விதி போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே தெரிந்தவருக்கு ஒரு முழு நடைமுறையே ஒரே பொட்டலம். புதியவருக்கு அதன் ஒவ்வொரு துண்டும் தனிச் சுமை.

ஜான் ஸ்வெல்லர் 1980களில் உருவாக்கிய அறிதல் சுமைக் கோட்பாடு இங்கே மிகவும் உதவும். விஷயத்துக்கே உரிய கடினம் ஒருபுறம். நாம் வடிவமைத்த விதத்தால் வந்து சேரும் வீண் சுமை இன்னொருபுறம். முதலாவதைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஒழிக்க முடியாது. இரண்டாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. படம் இடப்பக்கம், அதன் விளக்கம் அடுத்த திரையில் என்றிருந்தால், கற்பவர் ஒன்றை நினைவில் பிடித்தபடி இன்னொன்றைத் தேட வேண்டும். விளக்கத்தை எடுத்து அந்தந்தப் பாகத்தின் பக்கத்திலேயே எழுதினால் அந்தச் சுமை போய்விடும்.

முதல் பதிலில் சொன்ன என் பாடத்துக்கு இந்த நோயும் இருந்தது. ஓடும் படத்தைக் குரலில் விளக்கலாம். கண்ணும் காதும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். அதே சொற்களைத் திரையிலும் எழுதினால் இரண்டும் மோதும். இதை ரிச்சர்ட் மேயரும் அவர் குழுவினரும் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். காது கேளாதோருக்கும், அந்த மொழியில் புதிதாகக் கற்பவருக்கும் எழுத்து அவசியம். அதனால் வசன வரியை அவரவர் விருப்பப்படி போட்டு அணைக்கும்படி வையுங்கள். அலங்காரப் படம், பின்னணி இசை, சுவாரசியத்துக்காகச் செருகும் கதைத்துணுக்கு ஆகியவற்றை நீக்கினாலே பாடம் பலமாகும் என்பதும் அவர்கள் கண்டதுதான்.

புதியவர்களுக்கு நேராகக் கணக்கைக் கொடுத்து, தாங்களே கண்டுபிடிக்க விடலாமா?

தொடக்கத்திலேயே வேண்டாம். முதலில் தீர்த்துக் காட்டிய உதாரணம், பிறகு பாதி தீர்த்தது, கடைசியில் வெறும் கணக்கு. செவிலியர் பயிற்சியில் வரும் சொட்டு வேகக் கணக்கைப் பாருங்கள். 500 மி.லி. திரவம் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாய் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

முதல் திரையில் எல்லாப் படியும் இருக்கும். 500 × 20 = 10,000 சொட்டு. 4 மணி = 240 நிமிடம். 10,000 ÷ 240 = 41.67, அதாவது 42. இரண்டாவது கணக்கு 1,000 மி.லி., 8 மணி நேரம், 15 சொட்டுக் குழாய்: 15,000 சொட்டு, 480 நிமிடம் என்பதுவரை நாம் எழுதிவிடுகிறோம். வகுத்து 31 என்று எழுதுவது அவர் வேலை. மூன்றாவதில் நிமிடமாக்குவதும் அவர் வேலை. நான்காவதில் நோயாளியின் குறிப்புச்சீட்டு மட்டும் இருக்கும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வேலையை அவரிடம் விட்டுவிடுகிறோம்.

கட்டடம் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரிப்பது போன்ற வேலை இது. ‘சாரம் கட்டுதல்’ என்ற உவமையைக் கற்பித்தலுக்கு முதலில் பயன்படுத்தியவர்கள் வுட், புரூனர், ராஸ், ஆண்டு 1976. தனியாகச் செய்ய முடியாததை உதவியோடு செய்யக்கூடிய எல்லை பற்றி வைகாட்ஸ்கி எழுதியதோடு பின்னர் அது சேர்ந்துகொண்டது.

சாரத்தைப் பிரிக்காமலே விட்டாலும் தொல்லைதான். தேர்ந்தவர்களுக்குப் படிப்படியான விளக்கம் கற்றலைக் குறைக்கவே செய்கிறது என்று கல்யூகாவும் ஸ்வெல்லர் குழுவினரும் 2003இல் விளக்கினார்கள். பத்தாண்டு அனுபவம் உள்ள செவிலியரை முதல் திரையிலிருந்து நடத்தாதீர்கள். நான்காவது கணக்கை முதலிலேயே கொடுங்கள். சரியாகப் போட்டால் அடுத்த பாடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

வீடியோ எத்தனை நிமிடம் இருக்கலாம்?

பிலிப் குவோவும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மக்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. இது பார்த்த நேரம், கற்ற அளவு இல்லை. இதை மறக்கக் கூடாது. 20 நிமிட விரிவுரையை வெட்டி நான்காக்கினால் மட்டும் பயன் வராது. ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிய வேண்டும், அதன் பின்னால் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு தேர்வு வைக்கிறோமே, அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். தேர்வு என்றதும் அளவுகோல் என்று நினைக்கிறோம். நினைவிலிருந்து ஒன்றை எடுக்கும் முயற்சியே அந்த நினைவைப் பலப்படுத்துகிறது. அதனால் தேர்வே ஒரு பாடம்.

ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல், நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால்: அவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் 56, மறுபடி படித்தவர்கள் 42.

ஆன்லைன் பயிற்சி செய்கிறவர்கள் இந்த 5 நிமிடக் கணக்கில்தான் ஏமாந்துபோகிறோம். பாடம் முடிந்த கையோடு தேர்வு, எல்லாரும் தேர்ச்சி, அறிக்கையில் பச்சை நிறம். வேலையிடத்தில் அந்த அறிவு தேவைப்படுவது அடுத்த வாரம், அடுத்த மாதம். அதனால் கேள்விகளைக் கடைசியிலிருந்து எடுத்துப் பாடம் முழுக்கத் தூவுங்கள். மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் முதல் பகுதியிலிருந்து ஒரு கேள்வி வரட்டும். மதிப்பெண் வேண்டாம். முடிந்த இடத்தில் நான்கு விருப்பங்களைத் தராமல் வெற்றுப் பெட்டி கொடுங்கள். அடையாளம் காண்பதைவிடத் தானே எடுத்துச் சொல்வது கடினம், அந்தக் கடினம்தான் பலன் தருகிறது. விடையை எழுதியபின் சரியான விடை கண்டிப்பாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தவறே பதிந்துவிடும்.

ஒரே நாளில் பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

மறதி எவ்வளவு வேகமானது என்பதை முதலில் பாருங்கள். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு நாள் கழித்துத் திரும்பக் கற்றபோது, முதலில் பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. பொருளுள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது என்றாலும் போக்கு அதேதான்.

மேலாளரிடம் நான் எடுத்துச் சொல்வது பேட்லி, லாங்மேன் 1978இல் வெளியிட்ட ஆய்வு. பிரிட்டிஷ் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும். இன்னொரு குழுவுக்கு நாளைக்கு நான்கு மணி நேரம். ஒரு மணி நேரக் குழு, மொத்தத்தில் குறைந்த மணி நேரத்தில் விசைப்பலகையைக் கற்றுவிட்டது. நாள்கணக்கில் அதற்கு அதிக காலம் பிடித்தது, அதனால் தங்கள் பயிற்சிமுறையில் குறைந்த திருப்தி அவர்களுக்குத்தான். நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தவர்களுக்கே அது பிடிக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரே நாள்தான் என்று பிடிவாதமாகச் சொன்னால் சரி, அந்த நாளைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தை 3ஆம் நாள், 10ஆம் நாள், 30ஆம் நாள் என்று மூன்று மின்னஞ்சல்களுக்குக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி, இரண்டு நிமிடம். இதற்கு மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துப் பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். மனிதர்களுக்கு விருப்பங்கள் உண்டு. ஆனால் விருப்பத்துக்கு ஏற்பக் கற்பித்தால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்கு, 2008இல் பாஷ்லர் குழுவினர் ஆய்வுகளை அலசியபோது போதிய சான்று கிடைக்கவில்லை. விஷயம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள். இதயத் துடிப்பு ஒலிகளை எல்லாருமே கேட்டுத்தான் கற்க வேண்டும். வரைபடத்தை எல்லாருமே பார்த்துத்தான் கற்க வேண்டும்.

இதன் உடன்பிறப்பாக இன்னொன்று உலவுகிறது: ‘படிப்பதில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் 20…’ என்று போகும் கூம்பு. எட்கர் டேல் 1946இல் வரைந்த கூம்பில் எண்களே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஒட்டியவை அவை. உங்கள் ஸ்லைடுகளில் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

‘தானே கட்டிக்கொள்ளும் புரிதல்’ என்பதை ஒரு பாடத்தில் எப்படிக் காட்டுவது?

மோசடி மின்னஞ்சல் பற்றிய ஒரு பாடத்தைத் திருத்திய விதத்தைச் சொல்கிறேன். பழைய பாடத்தில் வரையறை, மோசடியின் ஏழு அடையாளங்கள், இரண்டு உதாரணப் படங்கள், பிறகு ‘சரியா தவறா’ கேள்விகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

புதிய பாடம் ஓர் இன்பாக்ஸோடு திறக்கிறது. மாலை 5.40. மேலதிகாரி பெயரில் ஒரு கடிதம்: “கூட்டத்தில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது. இந்த பில்லை இன்றே கட்டிவிடுங்கள்.” கீழே மூன்று வழிகள்: பணம் அனுப்பு, பதில் எழுதிக் கேள், அவருடைய எண்ணுக்கு அழை. பலர் இரண்டாவதைத் தேர்கிறார்கள், அது பாதுகாப்பானது என்று நம்பி. உடனே மோசடிக்காரரிடமிருந்தே பதில் வருகிறது: “ஆமாம், நான்தான். சீக்கிரம்.” அதைப் பார்த்ததும், அனுப்புநர் முகவரியை ஏன் கவனிக்க வேண்டும், ஏன் வேறு வழியில் உறுதிசெய்ய வேண்டும் என்பதை நாம் விளக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவருக்குக் கேள்வி எழுந்துவிடுகிறது. இப்போதுதான் விளக்கம் வருகிறது, இரண்டே பத்தி. பிறகு வேறு வேடத்தில் அதே தந்திரம், அப்புறம் உண்மையான கடிதம் ஒன்று. எல்லாவற்றையும் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தால் அலுவலகம் ஓடாதே.

டேவிட் மெரில் 2002இல் பல கோட்பாடுகளில் பொதுவாக இருப்பதைத் தொகுத்தபோது, உண்மையான சிக்கலைத்தான் நடுவில் வைத்தார். முன்னறிவைத் தூண்டுவது, காட்டுவது, செய்யவைப்பது, தன் வேலையோடு சேர்த்துக்கொள்ளச் செய்வது எல்லாம் அதைச் சுற்றியே அமையும்.

பெரியவர்கள் குழந்தைகளைவிட வேறு மாதிரி கற்கிறார்களா?

மால்கம் நோல்ஸ் 1970களில் அப்படித்தான் எழுதினார்; பிறகு அவரே அந்தக் கோட்டை அவ்வளவு அழுத்தமாக வரையவில்லை. நினைவு வேலை செய்யும் விதம் எல்லாருக்கும் ஒன்றுதான். பெரியவர்களிடம் அனுபவம் அதிகம், நேரம் குறைவு, ‘இது எனக்கு எதற்கு’ என்ற கேள்வி முதல் நிமிடத்திலேயே வரும். அதற்கான பதிலை ‘இப்பாடத்தின் நோக்கங்கள்’ என்ற பட்டியலில் வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். அவர்கள் அன்றாடம் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கலை முதல் திரையில் வையுங்கள்.

புள்ளி, பேட்ஜ், தரவரிசைப் பலகை?

மிகக் குறைவாக. 1971இல் எட்வர்ட் டெசி நடத்திய சோதனையில், புதிர் போடப் பணம் வாங்கிய மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் புதிர்மேல் காட்டிய ஆர்வம் குறைந்தது. தானே முடிவெடுக்கும் இடம், முன்னேறுகிறோம் என்ற உணர்வு, உடன் சிலர் இருக்கும் உறவு ஆகிய மூன்றும் ஆர்வத்தைத் தாங்குகின்றன என்று டெசியும் ரயனும் பின்னர் விரித்தார்கள். தரவரிசைப் பலகை, கீழே இருப்பவருக்கு இந்த மூன்றில் எதையும் தருவதில்லை.

தனியாகத் திரைமுன் உட்கார்ந்திருப்பவருக்குச் சமூகக் கற்றல் எங்கே?

லேவ், வெங்கர் இருவரும் 1991இல் தையல்காரர், மருத்துவச்சி போன்றவர்களின் தொழில்களை வைத்து எழுதியது இதுதான்: புதியவர் ஓரத்தில் நின்று, சிறு வேலை செய்து, மெல்ல நடுவுக்கு வருகிறார். ஆன்லைனில் அந்த ஓரத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். “உங்கள் கருத்தைப் பகிருங்கள்” என்ற பலகை காலியாகவே கிடக்கும். “சென்ற வாரம் நீங்கள் எழுதிய ஒரு வாடிக்கையாளர் கடிதத்தைப் போடுங்கள், இன்னொருவருடையதில் ஒரு வரியை மாற்றி எழுதிக் காட்டுங்கள்” என்றால் வேலை நடக்கும். செய்து காட்டும் வீடியோவில் நிபுணரோடு, தடுமாறிச் சமாளிக்கும் ஒரு சாதாரண ஊழியரையும் காட்டுங்கள். நம்மைப் போன்றவர் செய்து முடிப்பதைப் பார்த்தால் நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை வளரும் என்றார் உளவியலாளர் பாண்டூரா.

புளூம் வகைப்பாடு?

கற்றல் நோக்கங்களை எளியதிலிருந்து கடினமானதுவரை படிகளாக அடுக்கும் பட்டியல் இது. 1956இல் வந்தது, 2001இல் திருத்தப்பட்டது. நோக்கங்களை எழுதும்போது வினைச்சொல்லைச் சரிபார்க்க உதவும். ‘புரிந்துகொள்வார்’ என்று எழுதியிருந்தால், எதைச் செய்தால் புரிந்தது என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். ஏணியாக நினைத்து ஒவ்வொரு படியிலும் ஏறவேண்டியதில்லை.

பாடம் பலன் தந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘உங்களுக்குப் பிடித்திருந்ததா’ என்ற படிவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் நேர்த்தியான விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே அவர்களுக்குத் தோன்றியது. டோனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே பயிற்சியின் மதிப்பீட்டை எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு என்று நான்காகப் பிரித்தார். பெரும்பாலும் நாம் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். ஒரு மாதம் கழித்து அதே வகைக் கேள்வி ஐந்து கேளுங்கள். வேலையிடத்தில் எண்ணக்கூடிய ஒன்றை, உதாரணமாகத் திருப்பி அனுப்பப்பட்ட படிவங்களை, பயிற்சிக்கு முன்பும் பின்பும் எண்ணுங்கள்.

பழைய பாடங்கள் நிறைய இருக்கின்றன. முழுக்கத் திருத்த நேரமில்லை. எங்கே தொடங்குவது?

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேர்வில் உள்ள கேள்விகளில் பாதியை, அவை சார்ந்த பகுதிக்கு இரண்டு பகுதி தள்ளி, நடுவே நகர்த்துங்கள். எழுத்தையே வாசிக்கும் குரலை அணைத்துவிடுங்கள். பிறகு, அந்தப் பாடத்தை இதுவரை பார்க்காத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், அவர் மவுஸ் எங்கே நிற்கிறது என்று முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள்.